அளவுச் சட்டை

"ஐயோ சாமி! முனாப் நானா, இங்க வந்து பாருங்க, எம்புள்ள மறுபடி கோணிப்போயிட்டா!"

ராக்காயி போட்ட சத்தத்தில் முனாப் நானாவின் தையல் மெஷின் நின்றது. தீபாவளிக்கு இன்னும் மூன்றே நாள். பூண்டுலோயா பஜாரில், தைத்த துணி வாங்க அவர் கடை வாசலில் நின்ற கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

திரைக்குப் பின்னாலிருந்து புதுச் சட்டையோடு வந்து நின்றாள் பூரணி. பதினைந்து வயது. சட்டையின் கீழோரம் வலப்பக்கம் ஒரு இன்ச் இறங்கித் தொங்கியது.

"கத்தாதம்மா. எம்முதுகு நேராத்தான் இருக்கு. எனக்குத் தெரியாதா?"

"நீ பேசாத!"

ராக்காயி பதறியதில் தப்பில்லை. மூன்று வருடத்துக்கு முன் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தய்யா பூரணியைக் குனியச் சொல்லிப் பார்த்து, முதுகெலும்பு வளைந்திருக்கிறது என்றார். கண்டியில் பெரிய டாக்டர் தோலும் இரும்புக் கம்பியுமாய் ஒரு கச்சை செய்து, இடுப்பிலிருந்து தாடை வரை மாட்டிவிட்டார். குளிக்கிற நேரம் தவிர இரவும் பகலும் பிள்ளை அதற்குள்தான். பள்ளிக்கூடத்தில் 'இரும்புப் பூரணி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவள் அழவில்லை. "ஆமா, இரும்புதான். மோதிப் பாக்குறியா?" என்பாள். போன மாதம்தான் டாக்டர் அதைக் கழற்றினார்.

"நாளைக்கே கண்டிக்குப் போறோம். அதத் திரும்ப மாட்டிக்கிட்டுத்தான் ஆகணும்."

"மாட்ட மாட்டேன். எக்ஸ்ரே படம் புடிச்சுப் பாத்துட்டுத்தான டாக்டரு போதும்னாரு?"

"படம் என்னடி படம்! சட்ட பொய் சொல்லுமா? அப்ப வலது தோளு ஏறியிருந்துச்சு. இப்ப அந்தப் பக்கமே எறங்கிருச்சு. கம்பி கூடுதலா இழுத்து வச்சிருச்சு!"

பூரணிக்கு முதல் தடவையாகக் கண் கலங்கியது. ஆனாலும் சுவரோடு முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்றாள். "இந்தா பாரு. ரெண்டு தோளும் ஒட்டுதா, இல்லையா?"

ராக்காயி எங்கே பார்த்தாள்! மேசைமேல் கிடந்த பழைய சட்டையை எடுத்து ஆட்டினாள். வயசுப் பிள்ளைகள்மேல் முனாப் நானா டேப் வைக்க மாட்டார். அளவுக்குப் பழைய சட்டை கொடுத்துவிட வேண்டும். இரும்பு மாட்டுவதற்கு முன் பூரணி போட்ட அந்தச் சட்டையைத்தான், "இதே மாதிரி, கொஞ்சம் பெரிசா" என்று கொடுத்திருந்தாள் ராக்காயி.

"இதுவும் நீங்க தச்சதுதான நானா? முதுகு கோணியிருந்த காலத்துல இவ மேல இது எவ்வளவு நேரா நின்னுச்சு! லயத்து வீடுகள்ல ஒரு ஆளு கண்டுபுடிக்கல. இதே மாதிரி தச்சது இப்ப இழுத்துக்கிட்டு நிக்குதுன்னா, எம்புள்ள முந்தியவிட மோசமாயிட்டான்னுதான அர்த்தம்?"

தன் தையலில் ஒரு குறை சொன்னாலும் படியிறக்கி விட்டுவிடுவார் முனாப் நானா. இன்றோ, பழைய சட்டையை வாங்கி மேசையில் விரித்து, நடுவால் மடித்து, இரண்டு பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்.

வலப்பக்கம் ஒரு இன்ச் நீட்டிக்கொண்டு நின்றது.

"மருந்தய்யாக்கு முந்தி இந்தக் கோணலக் கண்டது நான்தான் தங்கச்சி," என்றார் மெதுவாக. "பொம்புளப் புள்ளைக்குக் குறை சொல்ல வாய் வரல்ல. வெளிய தெரியாம இருக்கட்டுமேண்டு, தோளு ஏறின வலப்பக்கம் ஒரு இன்ச் கூட வச்சித் தச்சேன். அத மறந்துட்டு, இப்பவும் அப்பிடியே வெட்டிட்டேன்."

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பூரணியைப் பார்த்துச் சிரித்தார்.

"கழட்டிக் குடுங்க மகள். நீங்க நேராத்தான் நிக்கிறீங்க. என்ட சட்டதான் கோணல்."