இரண்டாவது கவுன்

"நீலம்தான். வேற பேச்சே வேணாம். என் பெரியவளுக்கு நீலம்னா உயிர்!"

கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற மகள், "சரிம்மா, நீலமே பார்க்கலாம்" என்றாள்.

துணிக்கடையின் இரண்டாம் மாடியில் கல்யாண கவுன்களுக்குப் பொறுப்பு ஊக்குக்காரம்மா. தோளில் எப்போதும் ஒரு வரிசை ஊக்கு குத்தியிருப்பதால் வந்த பெயர் அது. இருபது வருஷமாக மணப்பெண்களைப் பார்க்கிறாள். அம்மா ஒன்று சொல்ல, மகள் ஒன்று சொல்ல, இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு படி இறங்குவதுதான் வழக்கம். இந்தப் பெண்ணோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

கடைக்குள் நுழைந்ததுமே அவள் தனியாக வந்து சொல்லியிருந்தாள்.

"மேடம், கல்யாணத்துக்குப் போடற உடையை மாப்பிள்ளை வீட்டுல எடுத்துட்டாங்க. அது முடிஞ்சதும் ஒரு பார்ட்டி இருக்கு. அதுக்குப் போடறதை எங்கம்மாதான் பார்த்து எடுக்கணும். இது நாலாவது கடை. கொஞ்சம் பொறுமையா காட்டுங்க. அம்மா எடுக்கலேன்னா நான் பழைய துணியையே போட்டுக்குவேன்."

இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா! ஊக்குக்காரம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. ஆறு நீல கவுன்களை மேஜை மேல் பரப்பினாள். அம்மா ஒன்றை உருவினாள்.

"இது பெரிய சைஸும்மா. பொண்ணுக்கு ரெண்டு சைஸ் கம்மியா வேணும்" என்றாள் ஊக்குக்காரம்மா.

"என் பொண்ணு அளவு எனக்குத் தெரியாதா? பூசின உடம்பு அவளுக்கு. நீங்க பாட்டுக்குச் சின்னதா குடுத்து, ஆடுறப்போ தையல் பிரிஞ்சா யாருக்கு மானம் போகும்?"

பூசின உடம்பா! ஊக்குக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பெண் குச்சி மாதிரி நிற்கிறாள். பெற்றவள் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது போல. பதில் சொல்ல வாயைத் திறந்தவளை மகள் கண்ணாலேயே தடுத்தாள்.

உடை மாற்றும் அறையில் கவுன் தொளதொளவென்று தொங்கியது. ஊக்குக்காரம்மா முதுகுப் பக்கம் துணியைச் சேர்த்துப் பிடித்து, தோளிலிருந்த ஊக்குகளையெல்லாம் வரிசையாகக் குத்தினாள். முன்பக்கம் அளவெடுத்துத் தைத்தது போல ஆகிவிட்டது.

"திரும்பிடாதேம்மா, நம்ம குட்டு வெளிப்பட்டுடும்" என்று காதோடு சொன்னாள்.

திரை விலகியதும் அம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

"என் ராஜாத்தி!" என்று மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதைப் பார்க்கச் சின்னவளுக்குக் கொடுத்து வைக்கலையே" என்று அம்மா ஆரம்பித்தாள். "அக்காவுக்குத் துணி எடுக்கப் போறோம், வாடின்னா, பரீட்சை, அது இதுன்னு ஒரு சாக்கு. எங்க சுத்துறாளோ!"

"வருவாம்மா" என்றாள் மகள், முழங்கையைச் சொறிந்தபடி.

ஊக்குக்காரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளுக்கும் ஒரு தங்கை உண்டு. பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறது.

"தப்பா நினைக்காதீங்கம்மா. கூடப் பிறந்தவளுக்குத் துணி எடுக்க வராத பொண்ணு என்ன பொண்ணு? கல்நெஞ்சு! என் கையில மட்டும் கிடைச்சா, காதைத் திருகி இழுத்துட்டு வந்து நிறுத்துவேன்."

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. தங்கமான பொண்ணு. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள் அம்மா, அவசரமாக.

மகள் உடை மாற்றி வந்ததும் மூவரும் பில் போடும் இடத்துக்குப் புறப்பட்டார்கள். வழியில் ஒரு பொம்மைக்கு முன்னால் அம்மா நின்றுவிட்டாள். அதன் மேல் மாதுளை நிறத்தில் ஒரு கவுன். உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தாள்.

"இது சின்னவளுக்கு. உள்ளே வலைத்துணி இல்ல பாருங்க. வலை பட்டா அவளுக்கு உடம்பெல்லாம் தடிச்சிடும். கழுத்தெலும்பு வேற துருத்திக்கிட்டு நிக்கும், இது மூடிடும். அளவும் அவ அளவேதான். உன் கல்யாணத்துக்கும் நான்தான்டி எடுப்பேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். இதைத் தனியா எடுத்து வைங்க."

மகள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவின் மனம் கோணாமலிருக்க, ஊக்குக்காரம்மா அந்தக் கவுனைக் கழற்றித் தன் கையில் போட்டுக்கொண்டாள்.

அம்மாவை லிஃப்ட் பக்கத்து சோபாவில் உட்காரவைத்துவிட்டு மகள் பில் போட வந்தாள்.

"நீலத்தைப் பிடிச்சுத் தைக்க ரெண்டு நாள் ஆகும்மா" என்றாள் ஊக்குக்காரம்மா. "இந்த மாதுளையைத் திரும்ப பொம்மைக்கே மாட்டிடறேன். அம்மா ஏதோ ஆசையில சொல்லிட்டாங்க."

"இல்ல மேடம். நீலத்தை மாட்டிடுங்க. மாதுளைக்குப் பில் போடுங்க."

"அப்போ உனக்கு?"

"நீலம் எங்கக்காவுக்குப் பிடிச்ச கலர். அவ தவறிப்போய் ஆறு வருஷமாச்சு. அம்மாவுக்கு அது நினைவுல நிக்கல. என்னைத்தான் அக்கான்னு நினைச்சுட்டிருக்காங்க. நாலு கடை ஏறி இறங்கினதுல, இன்னிக்குத்தான் மேடம் எனக்குன்னு ஒண்ணு எடுத்தாங்க."

நீல கவுனின் வலைத்துணி பட்டுச் சிவந்து தடித்திருந்த கைகளை நீட்டி, மாதுளை நிறக் கவுனை வாங்கி அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நான்தான் அந்தச் சின்னவ."