குளியலறையில் ஒருத்தி

கொல்லைப்பக்கம் செம்பு ஒன்று விழுந்து உருண்டோடும் சத்தம் கேட்டது. அடுத்த கணம் அக்கம்மாள் ஒற்றைக் கால் மட்டும் நனைந்தபடி அடுப்படிக்குள் ஓடி வந்தாள்.

"மலையம்மா, வண்டியைப் பூட்டச் சொல்லு. இந்தச் சம்பந்தம் வேணாம்."

பணியாரம் சுட்டுக்கொண்டிருந்த மலையம்மாளுக்குக் கை அப்படியே நின்றது. "என்ன மதினி, இப்பத்தான வந்தீக. கால் கழுவப் போனவுகளுக்கு என்ன ஆச்சு?"

"உன் மகன் பினாங்குல இருந்து ஒருத்தியைக் கூட்டியாந்து குளிக்கிற ரூம்ல வச்சிருக்கான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

அக்கம்மாள் பெண்ணுக்கு அத்தை. தாலி ஏறுமுன் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது. அதனால் சிகப்பியைத் தெருக்கோடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, இவள் மட்டும் வீடு பார்க்க வந்திருந்தாள்.

மதுரையில் வளர்ந்த சிகப்பி நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. குளிக்கிற இடத்தில் நிமிர்ந்து நின்று இரண்டு கையையும் விரிக்க முடிய வேண்டும். இல்லையென்றால் கல்யாணம் இல்லை என்றுவிட்டாள்.

பினாங்கில் சம்பாதித்துத் திரும்பியிருந்த மாப்பிள்ளை மருதுவின் வீட்டில் இருந்ததோ தொழுவத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே பருத்திக்கொட்டை போட்டுவைக்கும் இருட்டுப் பொந்து. மனுசன் அசரவில்லை. செட்டியார் வீடுகளில் பூசுகிற மாதிரியே முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பைப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துச் சுவரைப் பளபளக்க வைத்தான். கூரையில் கண்ணாடி ஓடு பதித்தான். தரைக்கு வெளிர் மஞ்சளில் ஆத்தங்குடிக் கல். செம்பும் சீயக்காயும் வைக்கச் சுவரைக் குடைந்து மாடம். கதவைக்கூட வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினான். எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டிவிட்டால் அறை இரண்டு மடங்காகத் தெரியும் என்று காரைக்குடியில் அதற்கும் சொல்லி வைத்திருந்தான்.

"அமராவதிபுதூர்க் கோழி பூராவும் இவன் சுவத்துக்குத்தான் முட்டை போடுது" என்று மலையம்மாள் வாரக்கணக்கில் வைதுகொண்டிருந்தாள்.

இப்போது மருது வேர்க்க விறுவிறுக்கக் கொல்லையிலிருந்து வந்தான்.

"அது கண்ணாடி" என்றான், யாரும் கேட்பதற்கு முன்பே. "நீங்க பார்த்தது கண்ணாடியை."

"ஏன், என்னைய எனக்கு அடையாளம் தெரியாதா?"

"அம்புட்டு வெளிச்சத்துல கண்ணு கூசும்ல."

"கூசத்தான் செஞ்சுச்சு" என்று அக்கம்மாள் ஒப்புக்கொண்டாள். "என்ன சேலைன்னுகூடத் தெரியலை. ஆனா ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னா, அது தெரிஞ்சுச்சு."

"செம்பைப் போட்டுட்டு நீங்க கையை விரிச்சிருப்பீக."

அக்கம்மாள் சற்று யோசித்தாள். பிறகு விடாமல் சொன்னாள்: "கனகாம்பரம் வச்சிருந்தா. பின்னால சரமாத் தொங்குச்சு."

மலையம்மாள் எழுந்து அவளைச் சுற்றி வந்து பின்னந்தலையைப் பார்த்தாள். "மதினி, இங்குட்டுத் தொங்குறது என்ன, புடலங்காயா?"

அக்கம்மாள் கொண்டையைத் தடவினாள். காலையில் சிகப்பி தொடுத்து வைத்துவிட்ட கனகாம்பரம் விரலில் பட்டது. அவள் உதடு முதலில் துடித்தது. பிறகு கன்னம், பிறகு தோள். கடைசியில் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மலையம்மாள் பணியாரக் குச்சியோடு சுவரில் சாய்ந்து சிரித்தாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் மருதுதான்.

"அப்ப அவ நான்தானா? ரொம்ப ஒல்லியால்ல தெரிஞ்சேன்."

"அம்புட்டுக் காசு போட்டு வாங்குற கண்ணாடி மதினி. ரூம்பைப் பெருசாக் காட்டும், ஆளைச் சிறுசாக் காட்டும்."

"அப்படியா? இன்னொருக்கா போயி என்னையப் பார்த்துட்டு வாரேன்."

மருது பாய்ந்து கொல்லை வாசலை மறித்துக்கொண்டான். "பூச்சு இன்னும் காயலை. கை பட்டா வீணாப் போயிரும். பணியாரம் ஆறுது, சாப்பிடுங்க."

"என்னமோ போ. கோவிச்சுக்கிட்டுப் போயிருந்தேன்னா ஒரு நல்ல இடம் தவறிப் போயிருக்கும்." அக்கம்மாள் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "இதைத் தின்னு முடிச்சுட்டு நாள் குறிக்கிறதைப் பேசுவோம்."

மருது கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டான். அப்போது வாசலில் மாட்டு மணி குலுங்கியது. வண்டிக்காரன் மாயக்கண்ணன் முற்றத்தில் நின்று குரல் கொடுத்தான்.

"மருதண்ணே, காரைக்குடியில இருந்து உங்க கண்ணாடி வந்துருச்சு. எங்குட்டு இறக்க?"

அக்கம்மாள் எடுத்த பணியாரம் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. மலையம்மாள் மகனைப் பார்த்தாள். மகன் கூரையைப் பார்த்தான்.

கொல்லையில், புதுக் குளியலறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று வந்தது.

"கண்ணாடி வேணாம்னு சொல்லுங்க அத்தை. கையை விரிச்சுப் பார்த்துட்டேன், இந்த இடமே போதும்."