பிளக்கின் நெற்றி

தவமணி மறுபடியும் லீவரை இழுத்தாள்.

ஆட்டோ இருமியது. அடங்கியது.

பின் சீட்டில் அவள் புருஷன் மாசானம் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. டயாலிசிஸுக்கு ஏழு மணிக்குள் போய்ச் சேரவேண்டும். தாமதமானால் படுக்கையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"பிளக்கை நான்தான் மாட்டுனேன்" என்றார். "காலையில ஒனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டுமேன்னு."

அவள் இறங்கிப் பின்பக்கம் போனாள். வாயைத் திறந்தால் சண்டையில்தான் முடியும்.

நேற்று ஆயுத பூஜை. இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஸ்பேனர்களோடும் அவருடைய கத்தரிக்கோலோடும் சாமி முன்னால் வைத்தது அவள். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது அவர். தையல் மிஷினைத் தவிர வேறு எந்த மிஷினும் அறியாத மனிதர்.

பின்மூடியைத் திறந்தாள். பிளக்கை மூடியிருந்த ரப்பர் கேப்பைப் பிடுங்கிவிட்டு ஸ்பேனரைப் போட்டுத் திருகினாள்.

பிளக் வெளியே வந்தது.

நுனியில், பொறி தாண்டவேண்டிய அந்தச் சின்ன இடைவெளியில், அப்பிக்கிடந்தது சந்தனம். அதன்மேல் குங்குமம். பெட்ரோலில் ஊறிக் குழைந்திருந்தது.

கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்னங்க இது?"

அவர் உற்றுப் பார்த்தார்.

"இதுக்கு நெத்தி எதுன்னு தெரியலை, தவமணி. நெருப்பு வர்ற எடம்னு சொல்லுவியே, அங்கன வச்சேன். வாரா வாரம் என்னைத் தூக்கிட்டுப் போகுதுல்லா. கும்பிட வேண்டாமா?"

வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது.

இப்படியொரு கிறுக்குத்தனம் பண்ண வீட்டில் ஆள் இருக்கிறாரே என்று மனசு நிறைந்தது. யாருக்கு நன்றி சொல்வதென்றுதான் தெரியவில்லை.

பழைய டூத்பிரஷ்ஷைப் பெட்ரோலில் நனைத்துத் தேய்த்தாள். ஊதினாள். உடைந்த ஆக்சா பிளேடை இடைவெளிக்குள் விட்டுப் பார்த்தாள். லேசாகப் பிடித்தபடி போய் வந்தது. இடைவெளி சரிதான்.

மாட்டுவதற்கு முன், அவர் விரலைப் பிடித்து பிளக்கின் ஆறுபட்டை நட்டின்மேல் வைத்தாள்.

"நெத்தி இதுதான். அடுத்த வருசம் இங்க வைங்க."

அடுத்த வருசம்.

அந்த வீட்டில் ரொம்ப நாளாக யாரும் வாயில் எடுக்காத வார்த்தை. சொன்னபிறகு அவளுக்கே திக்கென்றது.

அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் இழுப்பிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. மகராசி, என்று ஹேண்டிலைத் தட்டிக்கொடுத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலை எட்டியபோது ஏழு அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கைத்தாங்கலாக இறக்கினாள்.

இரண்டு எட்டு வைத்தவர் நின்றார். ஆட்டோவின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அந்த நெத்தி எதுன்னு இன்னொருக்கா சொல்லு, பிள்ள. மறந்துரப்படாது."