ஆறாவதாக வந்தவர்

அப்பாவின் பழைய வீடு ஒரு வருடமாக விலை போகவில்லை. பார்க்க வந்த ஐந்து பேரும் தேக்கு மாடிப்படியைத் தடவிப் பார்த்தார்கள். "யோசிச்சுச் சொல்றோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான்.

ஆறாவது ஆளைத் தரகர் அழைத்து வந்தபோது, அண்ணன், தம்பி, தங்கை மூவரும் கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"கேட்ட விலைக்கே எடுத்துக்கறேன். மூணு பேர்ல யார்கிட்ட பேசணும்?" என்றார் வந்தவர்.

அண்ணனுக்குச் சுருக்கென்றது. பேரமே பேசாமல் இப்படி ஆழம் பார்க்கிற ஆட்களை அவருக்கு நன்றாகவே தெரியும்.

"உன்னை அனுப்பினது என் தம்பிதானே?"

"நடிக்காதண்ணே. இது நீ செட் பண்ண ஆளு" என்றான் தம்பி.

"ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்து என்னை வேவு பாக்கறீங்களா?" என்ற தங்கை வாசற்கதவை விரியத் திறந்தாள். "நீங்க கெளம்புங்க சார். இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க."

அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் விடுவிடுவென்று தெருவில் இறங்கினார். தரகர் தலையில் கை வைத்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீயும் உடந்தையாய்யா?" என்று அண்ணன் அவர்மேல் பாய்ந்தார்.

"முதல்ல வந்த அஞ்சு பேருக்கு உடந்தைதான் சார். அதுல ரெண்டு பேரு உங்க ஆபீஸ்காரங்க, ரெண்டு பேரு தம்பியோட சிநேகிதங்க, ஒருத்தர் தங்கச்சி கொழுந்தனோட சிநேகிதர். மத்த ரெண்டு பேரு திருட்டுத்தனமா விலை பேசறாங்களான்னு பாக்க நீங்க மூணு பேரும் தனித்தனியா அனுப்பினவங்க. வீடு வாங்கன்னு வந்தது இவரு ஒருத்தர்தான்."