அம்மாவின் லேப்டாப் திறந்துகொண்டிருக்கிறது

"இது அநியாயம்ப்பா!"

செய்தித்தாளைத் தாழ்த்தாமலே அப்பா கேட்டார். "எது?"

"அண்ணன் கேம்ஸ் ஆட புது லேப்டாப். வேலை பாத்துச் சம்பாதிக்கிற அம்மாவுக்கு அவன் கழிச்சுப் போட்டது. ஒன்பது வருஷப் பழசு. ஆன் பண்ணினா திறக்கவே இருபது நிமிஷம் ஆகுது!"

"உங்கம்மாவே ஒண்ணும் சொல்லலியே."

"சொல்ல மாட்டாங்க. அதான் அநியாயமே."

அம்மா வீட்டிலிருந்தபடி ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்துகிறார். ஒன்பது மணிக்கு வேலை. எட்டு நாற்பதுக்கே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

"லேப்டாப் திறந்துக்கிட்டிருக்கு. நடுநடுவே 'சரியா, சரியா'ன்னு கேக்கும். நான் அமுக்கலைன்னா மறுபடி முதல்லேருந்து. யாரும் கூப்பிடாதீங்க!"

கூப்பிடாமல் இருப்போமா?

"இந்தா, என் சாக்ஸ் எங்கே?"

"அம்மா, என் சார்ஜர்?"

"அம்மா, என் காலேஜ் ஐடி கார்டைப் பாத்தீங்களா?"

மூன்று பேருக்கும் ஒரே பதில்தான். "திறந்துக்கிட்டிருக்கு!"

வேறு வழியில்லாமல் அவரவர் பொருளை அவரவரே தேடிக்கொள்வோம். அப்பா தன் மதியச் சாப்பாட்டைத் தானே டப்பாவில் அடைத்துக்கொள்வார். மூடிதான் பெரும்பாலும் மாறிப்போகும்.

அன்று அம்மாவிடமே பேசிப் பார்த்தேன். "உள்ளே இருக்கிற பழைய ஹார்ட் டிஸ்கைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி போட்டு, மெமரியைக் கூட்டினா இன்னும் அஞ்சு வருஷம் ஜோரா ஓடும்மா. என் உதவித்தொகையிலேருந்து நானே போட்டுத் தரேன்."

அம்மா பதறினார். "வேண்டாம்டி! எனக்குப் பழகிடுச்சு. கையை வெச்சா இருக்கிறதும் போயிடும்."

"இப்படி விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் பொம்பளைங்க எல்லாரும்..."

"கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு அப்புறம் பேசு, தாயே."

சனிக்கிழமை காலை அம்மா சித்தி வீட்டுக்குக் கிளம்பினார். நான் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினேன்.

மாடிப்படிக்குக் கீழே குறுகலான கடை. நெற்றியில் விளக்கு மாட்டிய மெக்கானிக் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, இதுக்கு எஸ்எஸ்டி போடணும். மெமரியும் கூட்டணும். முடியாது, புதுசு வாங்குன்னு மட்டும் சொல்லாதீங்க. அப்படிச் சொல்லிச் சொல்லியே ஊரையே குப்பைமேடாக்கி..."

"நான் இன்னும் வாயே திறக்கலியேம்மா!"

அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றி உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புரூஃப் பாக்கிற அம்மாவோட பொண்ணா நீ?"

"ஆமா. எங்கம்மாவைத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். இதுல மாத்த ஒண்ணுமே இல்லையே. எஸ்எஸ்டி, மெமரி, ஃபேன் எல்லாம் நான்தான் போட்டேன். ரெண்டு வருஷமாச்சு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "போட்டிருந்தா ஏன் இருபது நிமிஷம் ஆகுது? எங்கம்மா அப்பாவின்னு நல்லா ஏமாத்தியிருக்கீங்க! இருங்க, நுகர்வோர் நீதிமன்றத்துல..."

அக்கா மூடியைப் பொருத்தி, லேப்டாப்பை நிமிர்த்தி என் பக்கம் திருப்பி வைத்தார். பவர் பட்டனை அமுக்கினார்.

"எண்ணு."

எண்ணினேன். ஒன்பது வருவதற்குள் திரை பளிச்சென்று வந்து நின்றது. சரியா என்று அது யாரையும் எதையும் கேட்கவில்லை.

கூடவே தானாகத் திறந்துகொண்டது, பாதியில் நிறுத்திய ஒரு செஸ் ஆட்டம். ஓரத்தில் சின்ன எழுத்தில்: 'எதிராளி: கணினி. நிலை: மிகக் கடினம். ஆடியவை 431. வென்றவை 207.'

அக்கா எட்டிப் பார்த்து விசில் அடித்தார். "அடேங்கப்பா! உங்கம்மா இவ்வளவு நல்லா ஆடுவாங்களா?"

"அவங்களுக்கு செஸ் தெரியும்கிறதே எனக்குத் தெரியாதுக்கா."

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "வேகமாயிடுச்சுன்னு யார்கிட்டயும் சொல்லாதேன்னு அன்னிக்கே சொன்னாங்க. சும்மா விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நினைச்சேன். உளறிட்டேனா?"

வீடு வரைக்கும் அந்தக் கதவுக்கு வெளியே கேட்கும் குரல்கள்தான் காதுக்குள் ஓடின. சாக்ஸ், சார்ஜர், ஐடி கார்டு. மூன்றில் என் குரல்தான் பெரிசு.

நான் போவதற்குள் அம்மா திரும்பி வந்திருந்தார். காலியாகக் கிடந்த மேசையின் பக்கத்தில் நின்றிருந்தார். என் தோளில் தொங்கிய பையைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனது.

அப்பாவுக்கு ஒரே குஷி. "சரி பண்ணிட்டியா? வெரி குட்! இனிமே காலையில டப்பா கட்டறதை உங்கம்மாவே பாத்துப்பா."

"என் சட்டைக்கு இஸ்திரியும்!" உள்ளேயிருந்து அண்ணன் கத்தினான்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லேப்டாப்பை எடுத்து அம்மாவின் மேசையில் வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துத் திரும்பினேன்.

"எங்கேப்பா சரி பண்றது? முன்னைவிட மோசமாம்! இனிமே திறக்க நாற்பது நிமிஷம் ஆகுமாம். கதவுகிட்ட நின்னு யாராவது கத்தினா இன்னும் லேட்டாகும்னு மெக்கானிக் அக்கா கண்டிச்சுச் சொல்லி அனுப்பியிருக்காங்க!"