கறுப்பு உறை

முதல் அடி என் காதோரம் விழுந்தது.

அடித்தவர் வெல்டர். நான் நர்ஸாக இருக்கும் வார்டில், ஏழாம் நம்பர் கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் குறைமாதக் குழந்தையின் அப்பா. இரும்போடு மல்லுக்கட்டிப் பழகிய கை.

குழந்தையின் நரம்பில் ஏறிக்கொண்டிருந்த சத்து மருந்துப் பையின் கறுப்பு உறையை அவர் கிழித்து எறிந்திருந்தார். ஜன்னல் வெயில் நேராகப் பையின்மேல் அடித்தது. இரண்டு கையாலும் பையைப் பொத்திக்கொண்டேன். முகத்தை மறைக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது?

காலையிலிருந்து மூன்று முறை அவரிடம் சொல்லியாயிற்று. பையில் இருப்பது அமினோ அமிலம். வெளிச்சம் பட்டால் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகும். ஃப்ரீ ராடிக்கல் என்ற ரவுடிகள் கிளம்பும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எலக்ட்ரான் குறை. எதிர்ப்பட்ட கல்லீரல் செல்லின் தோலைக் கிழித்து அதைப் பிடுங்கும். பறிகொடுத்தது சும்மா இருக்காது, பக்கத்தில் இருப்பதன்மேல் பாயும். எழுநூறு கிராம் குழந்தையின் கல்லீரல் எத்தனை அடி தாங்கும்? வெல்டிங் வைக்கும்போது நீங்கள் கண்ணை மறைப்பதில்லையா என்றுகூடக் கேட்டேன்.

தலையாட்டிவிட்டுத்தான் வெளியே போனார். திரும்பி வந்தவர் ஆளே வேறு.

அடுத்த குத்தில் உதடு கிழிந்தது. ஒரு பல் நாக்கில் வந்து விழுந்தது. தடுக்க வந்த காவலாளியை மேஜைமேல் தூக்கி எறிந்தார். என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். நான் பையை விடவில்லை.

"என் மொதல் புள்ளைக்கு இதே வார்டுல ஒறையே போடல, சிஸ்டர். இதுக்கு மட்டும் எதை மூடி மறைச்சு ஏத்துறீங்க?"

கேட்கும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. கை மட்டும் ஓயவில்லை.

நாலு பேர் சேர்ந்துதான் அவரை இழுத்துப் போனார்கள். ரத்தம் சொட்டச் சொட்டப் புது உறை மாட்டினேன்.

பெரிய டாக்டர் போலீஸ் புகாரை எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். உனக்கென்ன பைத்தியமா என்று கத்தினார்.

வெல்டர் கேட்டது நியாயம்தான். முதல் குழந்தைக்கு நாங்கள் உறை போடவில்லை. அது கல்லீரல் கெட்டு, மஞ்சள் பூத்து, இருபத்திரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தது. வெளிச்சம் என்ன செய்யும் என்பதே அதற்கப்புறம்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

அந்தக் குழந்தைக்கு நல்ல வெளிச்சம் வரட்டும் என்று, அன்று பெட்டியையும் பையையும் ஜன்னலோரம் தள்ளி வைத்தவள் நான்.