கேடி வீடு

பத்தரை மணி பஸ் வந்து போய் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்களைக் காணோம்.

அவர் இன்னொரு தடவை வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தார்.

உள்ளே துளசிமணி பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொரு வயது மகள். நான்கு வருடமாகத் தேடி, ஜாதகம் பொருந்தி, அவர்களாகவே வருகிறோம் என்று சொன்ன முதல் இடம் இது.

பொறுக்க முடியவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

டீக்கடைக்காரர் அவரைக் கண்டதும் கிளாஸ் கழுவுவதை நிறுத்தினார்.

"தாராபுரத்துப் பஸ்ல நாலு பேரு எறங்குனாங்க. கேடி வீடு எதுன்னு கேட்டாங்க. பெஞ்சில உக்காந்திருந்த பசங்க, ஊருக்கே தெரிஞ்ச கேடியாச்சேன்னு சிரிச்சுப்போட்டுக் கையைக் காட்டுனானுங்க. நான் பாலை எறக்கி வெச்சுட்டு வெளிய வர்றதுக்குள்ள திரும்பிப் போற பஸ்ல ஏறிட்டாங்க."

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

வழி சொன்னது அவரேதான். கேடி வீடு என்று கேளுங்கள், சின்னக் குழந்தைகூடக் காட்டும் என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார். விலாசத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று துளசிமணி படித்துப் படித்துச் சொன்னாள். காதில் வாங்கினால்தானே.

கேடிலாக்.

மில் முதலாளி பம்பாயில் கப்பலிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த அமெரிக்கக் கார். கறுப்பு. கடைவீதியில் திரும்பினால் மூக்கு ஒரு தெருவிலும் வால் இன்னொரு தெருவிலும் நிற்கும். இருபது வருடம் அதை ஓட்டிய டிரைவர் இவர். அமெரிக்காவில் எந்தச் சாமானாக இருந்தாலும் அதில் உசத்தியானதைச் சொல்ல இந்தக் காரின் பெயரைத்தான் சொல்வார்கள் என்பார் முதலாளி. வண்டி வந்தால் போலீஸ்காரர் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார். அந்த மரியாதை காருக்கா முதலாளிக்கா என்று போலீஸ்காரருக்கே தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர், அதில் தனக்கும் கொஞ்சம் சேரும் என்று எடுத்துக்கொண்டார்.

முழுப் பெயர் ஊர் வாயில் நுழையவில்லை. கேடி வண்டி என்றார்கள்.

இவர் கேடி டிரைவர் ஆனார்.

பிறகு வெறும் கேடி.

அப்போது யாருக்கும் அதில் திருட்டுப் புரட்டு எதுவும் தோன்றவில்லை. எல்லோரும் காரைப் பார்த்திருந்தார்கள்.

பெட்ரோல் விலை ஏறியது. உதிரிபாகம் கிடைப்பது குதிரைக்கொம்பானது. முதலாளி அம்பாசிடருக்கு மாறினார். அமெரிக்காவில் படிக்கும் பேரன் லீவுக்கு வந்து, ஷெட்டில் நின்ற வண்டியைப் பார்த்துச் சிரித்தான். அங்கேயே இப்போது கிழவர்கள்தான் இதை ஓட்டுகிறார்களாம். காசுள்ள இளவட்டமெல்லாம் ஜெர்மன் காருக்குப் போயாகிவிட்டதாம்.

அந்த வருடமே பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

பெயர் மட்டும் இவரிடம் தங்கிவிட்டது. பென்ஷன் மாதிரி அதை வைத்துப் பிழைத்தார்.

பெஞ்சில் சிரித்த பையன்கள் அந்தக் காரைக் கண்ணால் கண்டதில்லை. அவர்களுக்குக் கேடி என்றால் கேடிதான். இத்தனை நாளும் அவர்கள் அப்படிக் கூப்பிட்டபோதெல்லாம் மரியாதை என்று நினைத்துத் தலையை ஆட்டியிருக்கிறார்.



வந்தவர்கள் ஊர் போய்ச் சேரட்டும் என்று காத்திருந்தார். ஒரு மணிக்கு எஸ்டிடி பூத்துக்குள் நுழைந்தார். எடுத்தது மாப்பிள்ளையின் அப்பா.

"கேடின்னா அது ஒரு காருங்க. கேடிலாக்குன்னு..."

"காருங்களா?" அந்தப் பக்கத்துக் குரலில் சிரிப்புக்கூட இல்லை. "அப்படியொரு காரை நான் கேள்விப்பட்டதே இல்லீங்க."

மீட்டரில் எண்கள் ஓடின.

அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அந்த இன்ஜின் ஓடுவதே தெரியாது. கலெக்டர் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த வண்டியைத்தான் கேட்டு அனுப்பினார்கள். எதைச் சொன்னாலும் கேடி சொல்கிற கதையாகத்தான் இருக்கும்.

துளசிமணி இன்னும் சேலையை மாற்றியிருக்க மாட்டாள்.

"நீங்க மாத்திக் கேட்டுப்போட்டீங்க போலிருக்குதுங்க," என்றார். "கேடி வீட்டுக்கு எதுத்த வீடுன்னுதான் நான் சொன்னேன். அவன் வேற ஆளுங்க. இப்ப இந்த ஊர்லயே இல்லீங்க. எங்களுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தைகூடக் கிடையாது."

மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் யாரிடமோ அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது.

பிறகு குரல் இளகியது. புதன்கிழமை மறுபடி வருவதாகச் சொன்னார்கள்.

அவர் போனை வைத்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

டீக்கடைக்கே திரும்பிப் போய், கடைக்காரரிடம் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார். புதன்கிழமை அவர்கள் வரும்போது யாரும் தன்னை அப்படிக் கூப்பிடக் கூடாது. பையன்களிடமும் சொல்லி வைக்க வேண்டும். யாராவது விசாரித்தால் கேடி வேறு ஆள் என்று சொல்லிவிட வேண்டும்.

கடைக்காரர் நல்ல மனிதர். பதினெட்டு வருடமாக இவருக்கு டீ ஆற்றிக் கொடுக்கிறவர்.

"அதுக்கென்னங்க, சொல்லிப்போடலாம்," என்றார். அப்புறம் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "ஆமா, உங்க பேரு என்னங்க?"

"சென்னியப்பன்."

அடுப்பு இரைந்துகொண்டிருந்தது. கடைக்காரர் காதை அவர் பக்கம் சாய்த்தார்.

"காதுல விழலீங்க. இன்னொருக்காச் சொல்லுங்க."